உறவினர் வீட்டுக்குப் போகும் வழியிலே

  

நம் குடும்பங்களுக்கு மிகவும் பழக்கமான ஒரு காரியத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். உறவினர் வீட்டுக்குப் போய் வருவது, போகும் வழியில் பொழுதை நல்லவிதமாகக் கழிப்பது, இவை இரண்டுமே இன்றைய பேச்சு. ‘இதற்கெல்லாமா ஒரு சொற்பொழிவு?’ என்று சிலர் நினைக்கலாம். சற்றுக் கேளுங்கள். சின்னக் காரியமாகத் தோன்றும் இதில்தான் நம் குடும்பங்களின் ஒட்டும் உறவும் அடங்கியிருக்கின்றன.

புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். செபராங் பிறை என்று இன்று நாம் அழைக்கும் இந்தப் பகுதிக்கு நம் முன்னோர்கள் வந்தது நேற்று முன்தினமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கிருந்த கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேறி வந்தார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது. பிறகு ரப்பர் மரங்களை வீழ்த்திச் செம்பனை நட்டார்கள். செம்பனை நின்ற இடங்கள் பலவற்றில் இப்போது தொழிற்சாலைகளும் தாமான்களும் நிற்கின்றன. பயிர் மாறியபோதெல்லாம் குடும்பங்களும் இடம் மாறின. ஒரே லயத்தில் பிறந்து, ஒரே ஆயாக் கொட்டகையில் வளர்ந்த அண்ணன் தம்பிகளில் ஒருவர் இன்று சுங்கை பட்டாணியில் இருக்கிறார். இன்னொருவர் ஈப்போவில் இருக்கிறார். தங்கை வாழ்க்கைப்பட்டது ஜொகூரில். மூத்தவர் மட்டும் இன்னும் தோட்டத்திலேயே காலம் தள்ளுகிறார்.

முன்பு உறவினரைப் பார்க்க எங்கும் போக வேண்டியதில்லை. அடுத்த வீட்டுத் திண்ணையில் சித்தப்பா உட்கார்ந்திருப்பார். எதிர் லயத்திலிருந்து அத்தை குழம்பு கொடுத்தனுப்புவார். இப்போது அப்படியல்ல. நாம் போனால்தான் உறவு. போகாவிட்டால் அது மெல்ல மெல்லப் பெயரளவில் நின்றுவிடும்.

இங்கே ஒன்றை மனம் திறந்து பேச வேண்டியிருக்கிறது. உறவினர் ஒருவர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? இரவென்றும் பாராமல் புறப்படுகிறோம். கடன் வாங்கியாவது வண்டி பேசுகிறோம். வேலைக்கு விடுப்புச் சொல்கிறோம். மூன்று வண்டி ஆட்கள் கூடிவிடுகிறார்கள். அது நம் மக்களின் நல்ல குணம். ஆனால் அதே மனிதர் உயிரோடு இருந்தபோது, ‘ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்’ என்று எத்தனை முறை சொல்லியிருப்பார்? அப்போது நேரமில்லை என்றோம், காசில்லை என்றோம். கண் மூடியவர் நாம் வந்ததைக் காண்பதில்லை. கண் திறந்திருக்கும்போதே போய் உட்கார்ந்து ஒரு வாய்த் தேநீர் குடித்தால், அவருக்கும் மகிழ்ச்சி, நமக்கும் ஆறுதல். சாவு வீட்டுக்குப் போவதில் பாதி அக்கறையை வாழும் வீட்டுக்குப் போவதிலும் காட்ட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

‘விடுப்பு எங்கே கிடைக்கிறது?’ என்று கேட்பீர்கள். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, ஒரு முதலாளியிடம் 2 ஆண்டுகளுக்குக் குறைவாக வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு 8 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு. 2 ஆண்டு முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 12 நாள். 5 ஆண்டுகளுக்கு மேல் என்றால் 16 நாள். இவை குறைந்த அளவுகள். இந்த நாள்களை ஒன்றிரண்டாக உதிர்த்துவிடாமல், பள்ளி விடுமுறையில் மூன்று நாளாவது சேர்ந்தாற்போல் எடுக்குமாறு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். செலவுக்கும் வழி உண்டு. சம்பளம் வாங்கிய அன்றே ஒரு சிறு தொகையை ஒரு டின்னில் போட்டு, ‘இது மாமா வீட்டுப் பணம்’ என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்களே அதற்குக் காவல் இருப்பார்கள்.

இனிப் பயணத்துக்கு வருவோம். முதலில் பாதுகாப்பு.

மோட்டார் சைக்கிளில் அப்பா, அம்மா, நடுவில் இரண்டு பிள்ளைகள் என்று போவதை நாம் பார்க்கிறோம். தோட்டத்துச் செம்மண் சாலையில் பழகிய பழக்கம் அது. பெருஞ்சாலைக்கு அது ஆகாது. தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற விதி 1973-லேயே வந்துவிட்டது. அது பெரியவர்களுக்கு மட்டுமல்ல, பின்னால் உட்காரும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். பிள்ளையின் தலைக்குப் பொருந்தாத பெரிய கவசம் இருந்தும் பயனில்லை. காரில் போனால் பின் இருக்கையில் இருப்பவர்களும் இருக்கை வார் அணிய வேண்டும்; 2009-ஆம் ஆண்டு முதல் அது சட்டம். சிறு குழந்தைகளுக்குத் தனி இருக்கை வேண்டும் என்ற விதி 2020-இல் நடப்புக்கு வந்தது. ‘மடியில் வைத்துக் கொண்டால் போதாதா?’ என்று பாட்டிமார் கேட்பார்கள். போதாது. வண்டி சட்டென்று நிற்கும்போது எப்பேர்ப்பட்ட தாயின் கையும் பிள்ளையைப் பிடித்து நிறுத்திவிடாது.

வண்டி ஓட்டுபவர் விடியற்காலை பெரட்டுக்குப் போய், பகலெல்லாம் உழைத்துவிட்டு, இரவே புறப்படுவது மிகவும் ஆபத்தானது. தூங்கி எழுந்து புறப்படுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள். அதையும் அவசரப் பாதையில் நிறுத்தாமல், ஓய்விடத்தில் நிறுத்துங்கள். மழைக்கு மேம்பாலத்தின் அடியில் சாலையோரமாக மோட்டார் சைக்கிளோடு ஒதுங்குவதும் உயிருக்கு உலை வைக்கும் காரியம். ஓட்டுபவர் கையில் தொலைபேசி வேண்டாம். பேச வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவர் பேசட்டும்.

வழிச் சாப்பாட்டுக்குப் புளிச்சோறு நல்லது, கெடாமல் இருக்கும். தேங்காய்ப் பால் சேர்ந்தது வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். ஆகையால் அதைக் கட்டிக் கொண்டால் காலையிலேயே தின்று முடித்துவிடுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். வாந்தி வரும் பிள்ளையைச் சன்னல் ஓரமாக உட்கார வைத்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். புத்தகத்தையோ தொலைபேசியையோ குனிந்து பார்க்கவிடாதீர்கள்.

இப்போது பிள்ளைகள் கேட்கும் கேள்வி வரும்: ‘அப்பா, இன்னும் எவ்வளவு தூரம்?’ பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இந்தக் கேள்வி. இதற்குச் சிலர் அதட்டுவதே பதில் என்று நினைக்கிறார்கள். வேறு சிலர் கையில் தொலைபேசியைக் கொடுத்து வாயை அடைத்துவிடுகிறார்கள். காசு செலவில்லாத, கருவி தேவையில்லாத சில விளையாட்டுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, வண்டி எண் விளையாட்டு. நம் நாட்டு வண்டிகளின் எண்பலகையில் முதல் எழுத்து மாநிலத்தைக் காட்டும். ‘பி’ என்றால் பினாங்கு. ‘கே’ என்றால் கெடா. பினாங்கு ‘பி’யை எடுத்துக் கொண்டதால் பெர்லிசுக்கு ‘ஆர்’ கிடைத்தது. கெடா ‘கே’யை எடுத்துக் கொண்டதால் கிளந்தானுக்கு ‘டி’. பேராவுக்கு ‘ஏ’, சிலாங்கூருக்கு ‘பி’க்கு முன் வரிசையில் நிற்கும் இன்னொரு ‘பி’, அதாவது ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து. மூன்றாம் எழுத்தான ‘சி’ பகாங்குக்கு. ‘ஜே’ ஜொகூர், ‘எம்’ மலாக்கா, ‘என்’ நெகிரி செம்பிலான், ‘டி’ என்று ஒலித்தாலும் வேறு எழுத்தான இருபதாம் எழுத்து திரெங்கானு. கோலாலம்பூருக்கு ‘டபிள்யூ’வும் ‘வி’யும். பிள்ளைகள் ஆளுக்கொரு மாநிலத்தை எடுத்துக்கொண்டு, நிபோங் திபாலிலிருந்து தைப்பிங் வரையில் யாருடைய வண்டி அதிகம் வருகிறது என்று எண்ணட்டும். பேரா எல்லைக்குள் நுழைந்ததும் ‘பி’க்காரன் தோற்க ஆரம்பிப்பான். ஏன் என்று அவனே கண்டுபிடிக்கட்டும். அதுவே ஒரு பூகோளப் பாடம்.

இரண்டாவது, கட்டை எண்ணும் விளையாட்டு. நம் பெரியவர்கள் இன்றும் ‘பத்தாங் கட்டை’, ‘எட்டாங் கட்டை’ என்றுதான் ஊருக்கு அடையாளம் சொல்வார்கள். அது மைல் கணக்கு. இப்போது சாலையில் நிற்பவை கிலோமீட்டர் கற்கள். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணட்டும். 60 விநாடி என்றால் வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 45 விநாடி என்றால் 80. 40 விநாடி என்றால் 90. கணக்கும் ஆயிற்று, ‘அப்பா, வேகமாய்ப் போகிறீர்கள்’ என்று எச்சரிக்க ஓர் ஆளும் கிடைத்தாயிற்று.

மூன்றாவது, விடுகதை. பழைய விடுகதைகள் பாட்டிமாரிடம் நிறைய உண்டு. அவற்றோடு நம் தோட்டத்தைப் பற்றிப் புதிதாகவும் கட்டலாம். ‘வெட்டினால் அழுவான், அழுதால் பால் வடியும், அந்தப் பால்தான் நம்மைச் சுமந்து ஓடுகிறது. அவன் யார்?’ பால்மரம்! வண்டிச் சக்கரத்தைக் காட்டி விடையைச் சொல்லுங்கள். ‘உச்சியிலே குலை இருக்கும், குலைக்குள்ளே எண்ணெய் இருக்கும், குடத்திலே ஊற்றவில்லை, கொல்லனும் செய்யவில்லை.’ அது செம்பனை. ‘அண்ணன் தம்பி இருவரும் பாடாங் பெசார் வரை சேர்ந்தே போவார்கள், ஒருவரை ஒருவர் தொடவே மாட்டார்கள்.’ தண்டவாளம்!

நான்காவது, ஓரெழுத்து விளையாட்டு. ஓர் எழுத்தைச் சொன்னால் அதில் ஓர் ஊர், ஒரு பழம், ஓர் உறவு, ஒரு பொருள் சொல்ல வேண்டும். ‘ப’ என்றால் பினாங்கு, பலாப்பழம், பாட்டி, பால்வாளி. ‘ம’ என்றால் மலாக்கா, மங்குஸ்தான், மாமா, மண்வெட்டி. நாப்பயிற்சிக்கும் ஏதாவது கட்டிக் கொள்ளலாம். ‘ஏழை வீட்டு ஏழு கோழி வாழை மேலே ஏறினால், தாழை மேலே எத்தனை கோழி?’ இதை மூன்று முறை வேகமாகச் சொல்லட்டும். ழகரம் தானாக நாவில் படியும்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. அது உறவுமுறை விளையாட்டு.

இன்றைய பிள்ளைகள் பலர், வீட்டுக்கு வருகிற ஆண்களை எல்லாம் ‘அங்கிள்’ என்றும், பெண்களை எல்லாம் ‘ஆன்ட்டி’ என்றும் அழைக்கிறார்கள். மரியாதைக் குறைவு என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பெரிய செல்வத்தை இழக்கிறார்கள். தமிழில் ‘பெரியப்பா’ என்ற ஒரு சொல்லே, அவர் தகப்பனுக்கு மூத்தவர், அவரும் எனக்குத் தகப்பன் போன்றவர், அவர் பிள்ளைகள் எனக்கு அண்ணன் தம்பிகள் என்று அத்தனையும் சொல்லிவிடுகிறது. ‘தாய்மாமன்’ என்ற சொல்லில் உரிமையும் இருக்கிறது, கடமையும் இருக்கிறது. ஆகவே வழியிலேயே கேளுங்கள்: ‘அம்மாவின் அக்காள் கணவரை என்னவென்று அழைப்பாய்?’ பெரியப்பா. ‘அப்பாவின் தங்கை கணவரை?’ மாமா. ‘அப்பாவின் தம்பி மனைவியை?’ சித்தி. ‘சித்தப்பா மகள் உனக்கு என்ன வேண்டும்?’ உன்னைவிட மூத்தவளானால் அக்காள், இளையவளானால் தங்கை. வீட்டு வாசலில் போய் இறங்கும்போது பிள்ளை தயங்கி நிற்காது. ‘சித்தி!’ என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டு ஓடும். அந்த ஒரு சொல்லுக்காகச் சித்தி எத்தனை நாளாகக் காத்திருந்தாரோ!

பார்க்கப் போகிறவரைப் பற்றி ஒரு சம்பவத்தையும் சொல்லுங்கள். ‘இந்த மாமாதான் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தவர்’ என்று தெரிந்துகொண்ட பிள்ளை, அந்த மாமாவைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

நேயர்களே, நாம் போகும் சாலையும் ஒரு பள்ளிக்கூடம்தான். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தெற்கே பழைய சாலையில் போனால் சிம்பாங் அம்பாட், சுங்கை பாக்காப், நிபோங் திபால் கடந்து, கெரியான் ஆற்றுப் பக்கம் பேரா மாநிலம் தொடங்குகிறது. பாரிட் புந்தாரிலும் பாகான் செராயிலும் கண்ணுக்கு எட்டிய வரையில் வயல்வெளி. அந்த வயல்களுக்குத் தண்ணீர் தரும் புக்கிட் மேரா ஏரியை 1906-இல் உண்டாக்கினார்கள். ரயிலில் போனால் ஏரியின் குறுக்கேயே போகலாம். அடுத்து வரும் தைப்பிங்கிலிருந்துதான் 1885-இல் இந்நாட்டின் முதல் ரயில் கடற்கரைக்கு ஓடியது. கோலகங்சாரில் மறக்காமல் இறங்குங்கள். 1877-இல் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே மரமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. மூன்று நான்கு தலைமுறையாக நம் கைகள் தொட்டு வெட்டிய மரங்களுக்கு அது முன்னோர். பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டாமா?

வடக்கே போனால் மூடா ஆற்றைக் கடந்ததும் கெடா. ஜெராய் மலையடியில் மெர்போக் பக்கம் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. பழங்காலக் கோயில்களின் அடித்தளங்களை அங்கே காணலாம். 1025-ஆம் ஆண்டு வாக்கில் ராஜேந்திர சோழனின் கடற்படை வந்த கடாரம் இந்தப் பகுதிதான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தூரம் போக வசதியில்லையா? நம் புக்கிட் மெர்தாஜாமிலேயே, புனித அன்னாள் தேவாலயத்தின் அருகே செரோக் தோகுனில் பழைய எழுத்துகள் பொறித்த பாறை இருக்கிறது. 1845-இல் ஜேம்ஸ் லோ என்பவர் அதைப் பற்றி எழுதி வெளியுலகுக்கு அறிவித்தார். ஜூலை மாதம் அன்னாள் திருவிழாவுக்கு வரும் உறவினரை அங்கேயும் அழைத்துக்கொண்டு போகலாம்.

மேற்கே கடல் கடந்தால் பினாங்குத் தீவு. 1985-இல் 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம் திறக்கும்வரை, தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்குப் போனாலும், தெலுக் பஹாங் மாசி மகத்துக்குப் போனாலும் பெரியில்தான் போக வேண்டும். கார்களையும் லாரிகளையும் சுமந்த அந்தப் பழைய பெரிகள் 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு ஓய்வு பெற்றன. 2023 முதல் புதிய பெரிகள் பயணிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்கின்றன. அந்தக் கரையில் நின்று பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் காட்டுங்கள். ‘ராஜூலா’ கப்பலும், அதன் பின் ‘சிதம்பரம்’ கப்பலும் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் புறப்பட்ட துறைமுகம் அதுதான். 1985 பிப்ரவரியில் ‘சிதம்பரம்’ கப்பலில் தீப்பிடித்தபின் அந்தப் பயணம் நின்றுபோயிற்று. உறவைப் பார்க்க ஒரு வாரம் கடலில் மிதந்தவர்களின் பிள்ளைகள் நாம். இரண்டு மணி நேரப் பயணத்துக்கு நாம் அலுத்துக்கொள்ளலாமா?

போய்ச் சேர்ந்த இடத்தில் நடந்துகொள்ளும் முறையும் உண்டு. சொல்லாமல் போய் நிற்காதீர்கள். முன்பே தகவல் சொல்லுங்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது பழமொழி. கையில் ஒரு வாழைச்சீப்போ முருங்கைக் கீரையோ கொண்டுபோனால் போதும்; கடன்பட்டுப் பரிசு வாங்க வேண்டாம். அந்த வீட்டிலும் விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். இரவு வெகுநேரம் பேசி அவர்கள் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது. அடுக்களையில் பெண்கள் மட்டுமின்றி ஆண்பிள்ளைகளும் ஒரு கை கொடுக்கட்டும். பழைய சண்டைகளைக் கிளற வேண்டாம். முக்கியமாக, கூட வந்த பெரியவரின் மனம் நோகும்படி மதுப் புட்டிகளைச் சுற்றிப் பொழுதைக் கழிக்க வேண்டாம்.

ஒரு குறிப்புப் புத்தகம் கொண்டுபோங்கள். பாட்டி பிறந்த தோட்டம் எது? தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார்? அவருடைய உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர்? கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல தோட்டங்களின் பெயர்கள் இன்று பெயர்ப்பலகையில்கூட இல்லை. முதியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. இது வெறும் பழங்கதையுமல்ல. பிறப்புப் பத்திரமில்லாமல் அடையாளக் கார்டுக்கு அலைந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. யார் எந்தத் தோட்டத்தில், எந்த மருத்துவமனையில், எந்த ஆண்டில் பிறந்தார் என்று சொல்லத் தெரிந்த ஓர் அத்தையின் வார்த்தை, சில நேரம் ஒரு பிள்ளையின் எதிர்காலத்துக்கே வழி திறந்துவிடும். அந்த அத்தை இருக்கும்போதே கேட்க வேண்டும்.

ஆகவே நேயர்களே, அடுத்த பள்ளி விடுமுறைக்கு ஒரு வீட்டைத் தேர்ந்தெடுங்கள். அதிக நாள் பார்க்காதவர் வீடாக இருக்கட்டும். வயதில் மூத்தவர் வீடாக இருக்கட்டும். இன்றே அவருக்கு, ‘வருகிறோம்’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வழியெல்லாம் பிள்ளைகளோடு பேசிக்கொண்டும் விளையாடிக்கொண்டும் போங்கள். பத்திரமாகப் போய், பத்திரமாகத் திரும்பி வாருங்கள்.